டிராகனுக்கு ஒரு ஆள் குறையுது

உங்கப்பா ஒண்ணு சொல்லுவாரும்மா. ஒருத்தன ஒரு எடத்துல உக்கார வெச்சிட்டுப் போனா, திரும்பி வரும்போது... அதுக்கப்புறம் என்னமோ வரும். அழகா முடிப்பாரு. எனக்குத்தான் பாதி நிக்குது, பாதி போயிடுச்சு. பாப்கார்ன் பொரியற சத்தத்துல யாரு பேச்சுதான் முழுசாக் காதுல விழுது.

நிக்காதீங்க, உக்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மேனேஜர் வந்துடுவாரு. கேமராவுல பதிவானதெல்லாம் அவரு ரூம்லதான் இருக்கு, சாவியும் அவருகிட்டதான். உங்கப்பா எந்த வாசல் வழியாப் போனாரு, யாரு கூடப் போனாரு, எல்லாம் அதுல தெரியும். அதுக்குத்தானே பிளேன் ஏறி இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. நான் மெஷினத் தொடச்சிக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாயந்திரத்துக்குள்ள இத ஒப்படைக்கணும். நாளைலேருந்து இந்தக் கடையும் கிடையாது, நானும் கிடையாது.

என்னை ஏம்மா அப்படிப் பாக்கறீங்க. எங்கயோ பாத்த மொகமா இருக்குதா? ஆமா, நானேதான். வீடியோ போன்ல உங்கப்பாகிட்ட பேசும்போது பின்னாடி வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமா ஒருத்தி போயிட்டு வந்துட்டிருப்பாளே, அந்த நர்ஸு நான்தான். இது பாப்கார்ன் விக்கிறவங்களுக்குக் குடுக்கற கோட்டும்மா. கிட்ட வந்து பாத்தா வெண்ணெய்க் கறை தெரியும். போன்ல எங்க தெரியப் போகுது.

அய்யோ, நான் யாரையும் ஏமாத்தல. நீங்களேதான் கேட்டீங்க, அந்தம்மாதான் அப்பாவப் பாத்துக்கற நர்ஸான்னு. உங்க அண்ணன் ஆமான்னாரு. நான் காசு எண்ணிட்டிருந்தேன். என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அப்புறம் நர்ஸம்மாவுக்குன்னு என்னமோ கை கிரீம் அனுப்பினீங்களாமே? உங்கப்பா சொன்னாரு. எனக்கு வந்து சேரலம்மா. உங்க அண்ணி கை மெத்துனு இருந்தா வெசாரிச்சுப் பாருங்க.

தண்ணி வேணுமா? பாட்டிலு காலி. கொழாய் இருக்கு, ஆனா அதுல தண்ணிய நிறுத்திட்டாங்க. அடக்கிக்கோங்க.

உங்களுக்கு முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். இந்தப் பார்க்குல வருஷ பாஸ்னு ஒண்ணு உண்டு. வயசானவங்களுக்குப் பாதி விலை. உங்க அண்ணன் நல்லா கணக்குப் பாக்கத் தெரிஞ்ச மனுஷன். நெழல் இருக்கு, கக்கூஸ் இருக்கு, உக்கார பெஞ்சு இருக்கு, மயக்கம் போட்டு விழுந்தா தூக்கறதுக்கு முதலுதவி ரூமு இருக்கு. எந்த முதியோர் இல்லத்துல இவ்ளோ வசதி. காலைல ஆபீஸ் போற வழியில கேட்டுல எறக்கி விடுவாரு. ராத்திரி பார்க்கு மூடும்போது வந்து ஏத்திக்குவாரு. நீங்க இல்லத்துக்குன்னு மாசாமாசம் அனுப்பினது எங்க போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. அவரு கார் மட்டும் ரெண்டாவது மாசமே மாறிடுச்சு.

உங்கப்பாவுக்கு நாங்க வெச்ச பேரு பாஸ் தாத்தா. கோவிச்சுக்க மாட்டாரு. முழங்கால் ரெண்டும் போச்சே தவிர, தலை நல்ல தெளிவு. இங்க வேலை செய்யற எல்லாருக்கும் பிள்ளைங்க பேரு, பிள்ளைங்க படிக்கிற வகுப்பு, எல்லாம் சொல்லுவாரு.

மறதி நோயா? யாருக்கு, உங்கப்பாவுக்கா? யாரு சொன்னா?

சரி, தெரிஞ்சேதான் கேக்கறேன். உங்க அண்ணன்தான் சொன்னாரு. அந்த ஆளு அங்கதான் ஜெயிச்சாரு. ஞாயித்துக்கிழமை பாஸ் வெச்சிருக்கறவங்க கூட ஒருத்தர் சும்மா உள்ள வரலாம். அன்னிக்குத்தான் உங்களுக்கு போன் போடுவாரு. அதோ அந்த சிமெண்ட் அருவிக்கு முன்னாடி, ராட்டினம் தெரியாத மூலையா பாத்து உக்கார வெப்பாரு. ஒருநாள் அருவியில தண்ணி இல்லன்னு நீங்க கேட்டீங்க. இல்லத்துல தண்ணிப் பஞ்சம்னாரு. இங்க மோட்டாருக்குக் கரண்ட் செலவாகுதுன்னு நிறுத்துனாங்க, அவ்ளோதான்.

ஏன்னா அப்பத்தான் ஊர்ல எல்லாருக்கும் வேலை போக ஆரம்பிச்சுது. வயித்துக்கே இழுபறின்னா ராட்டினம் சுத்த யாரு வருவா. முதல்ல பாட்ட நிறுத்துனாங்க. அப்புறம் அருவி. அப்புறம் முதலுதவி ரூமப் பூட்டி, கதவுல ஒரு பிளாஸ்திரி டப்பாவ மாட்டி விட்டாங்க. சிங்கம், கரடி, முயல்னு வேஷம் போட்டுட்டு சுத்தற பசங்கள்ல கரடிய மட்டும் வெச்சிக்கிட்டாங்க. அவனுக்கே கக்கூஸ் கழுவற வேலையும். துணி மாத்த நேரமில்லாம கரடி வேஷத்தோடயே கழுவுவான். ஒரு சின்னப் பொண்ணு பாத்துட்டு அழுத அழுகை இருக்கே. அவங்கப்பா காசத் திருப்பிக் கேட்டாரு.

அதே சமயம்தான் அந்தத் தலைகீழாச் சுத்தற டிராகன் ரயிலுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. எல்லா சீட்டும் நெறஞ்சாத்தான் ஓட்டணும். காலி சீட்டோட ஓட்டுனா ஓட்டற பையன் சம்பளத்துல பிடிப்பாங்க. கூட்டமே இல்லாத எடத்துல எங்கேருந்து நெறையும்? ஒண்ணு ரெண்டு ஆள் குறையும். டிக்கெட் வாங்கினவன் சண்டைக்கு வருவான். அப்ப டிராகன்காரன் மைக்குல கத்துவான், பாஸ் தாத்தா எங்க, டிராகனுக்கு ஒரு ஆள் குறையுதுன்னு.

ஏறுவாரு. ஏறுவாரு என்ன, ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்துத் தூக்கி வெப்பாங்க. கம்பிய மடக்கிப் பூட்டிட்டா முடிஞ்சுது. தலைகீழாப் போற எடத்துல செருப்பு விழாம இருக்க முன்னாடியே கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போவாரு. எறங்கினதும் அந்தத் தொட்டிகிட்ட போயி வாந்தி எடுப்பாரு. வாயக் கொப்பளிச்சிட்டு என்கிட்ட வருவாரு, என் செருப்பக் குடும்மான்னு. பசங்க சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். சிரிப்பு வரத்தான் செய்யும்மா, வயசான மனுஷன் டிராகன் வயித்துலேருந்து வெளிய வந்தா.

நெனப்பு வருதா? வரணுமே. அந்த ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட சொன்னாரே. நான் இங்கதான் இருந்தேன். அம்மாடி, என்னைய தெனம் டிராகன் மேல ஏத்தறாங்க, தலைகீழாத் தொங்க விடறாங்க, எனக்கு முடியலன்னாரு. நீங்க அழுதீங்க. சரிப்பா, சரிப்பா, டிராகனெல்லாம் போயிடும், தூங்குங்கன்னீங்க. அப்புறம் அண்ணன்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னீங்க. எனக்குப் புரியல. உங்கப்பாதான் எனக்கு மொழிபெயர்த்தாரு. மாத்திரைய அதிகமாக்கச் சொல்றாம்மா, எம்பொண்ணுன்னாரு.

அண்ணன் வாங்கியும் குடுத்தாரு. உங்களுக்கு அட்டைய போட்டோ எடுத்து அனுப்பணுமே. உங்கப்பா மாத்திரைய வாயில அதக்கிட்டு வந்து படகுக் கொளத்துல துப்புவாரு. மீனுங்க என்னாச்சுன்னு கேக்காதீங்க. பார்க்குக்காரங்க ஆகாரச் செலவு மிச்சம்னு சந்தோஷப்பட்டாங்க.

ஒரே ஒரு கேள்விம்மா. என்ன டிராகன்ப்பா, எப்படி இருக்கும், எங்க ஏத்தறாங்கன்னு. பைத்தியக்காரன் பேசினாக்கூட ஒரு சுவாரசியத்துக்குக் கேப்போம். கேட்டிருந்தா பச்சைக் கலரு, மூக்குல பெயின்ட் உரிஞ்சிருக்கும், சீட்டு நம்பர் இதுன்னு சொல்லியிருப்பாரு. அதைத்தான் படகுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. மகன் பொய் சொன்னான், அது அவன் குணம், பொண்ணு கேக்கவே இல்லியேன்னு.

அழுங்க, அழுங்க. துடைக்க பேப்பர் இந்தாங்க. கொஞ்சம் வெண்ணெய் வாசம் அடிக்கும்.

படகுக்காரர் யாருன்னா, அன்னப் படகுங்களப் பாத்துக்கறவரு. பெண்டாட்டி போயிட்டா, பிள்ளை கிடையாது. உங்கப்பாவும் அவரும் பகலெல்லாம் படகுக் கொட்டகைல சீட்டாடுவாங்க. ரெண்டு பேருமே ஏமாத்துவாங்க. அவரு தன் போன நீட்டுனாரு, பொண்ணுகிட்ட தனியாப் பேசுங்கன்னு. உங்கப்பா உங்க நம்பர முழுசா, அந்த முன்னாடி வர்ற நாட்டு நம்பரோட மனப்பாடமாச் சொன்னாரு. சொல்லிட்டு, போன வாங்கல. நம்பர் தெரியும்னு காட்டத்தான் சொன்னேன், கூப்பிடறதுக்கு இல்லன்னுட்டாரு.

இருங்க, மணியப் பாக்காதீங்க. மேனேஜர் எங்க போயிடப் போறாரு. வந்துட்டே இருப்பாரு.

மூடற நேரத்தக் கேட்டீங்கல்ல, சொல்றேன். ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருந்தத சாயந்திரம் நாலாக்கிட்டாங்க. கேட்டுல இவ்ளோ பெரிய எழுத்துல ஒட்டினாங்க. உங்க அண்ணன் காருலேருந்து எறங்கினாத்தானே படிப்பாரு. ஓரமா நிறுத்துவாரு, கதவு தொறக்கும், உங்கப்பா எறங்குவாரு, கதவு மூடும். அப்ப நாலு மணிக்கு எல்லாரையும் வெளிய தள்ளிப் பூட்டினா, உங்கப்பா எங்க போவாரு? கேட்டுக்கு வெளிய அந்த மண்டி போட்ட யானை பொம்மை இருக்குல்ல, அது கால் மேல உக்காந்திருப்பாரு. எட்டு மணிக்குக் கார் வரும். அண்ணனுக்கு அப்பத்தான் பார்க்கு மூடுதுன்னு நெனப்பு. இவரு வாயே தொறக்கல.

நானும் கேட்டேன், ஏன்யா மகன்கிட்ட சொல்லலன்னு. சொன்னா நாளைக்கு என்னை எங்க விடலாம்னு யோசிப்பாம்மா, இதவிட மலிவா எதையாவது கண்டுபிடிச்சிடுவான்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. நான் அன்னிக்குச் சிரிக்கல.

அப்புறம் அந்த மழை. படகுக்காரர் ஸ்டாஃப் பஸ் ஜன்னல் வழியாப் பாத்திருக்காரு, யானை காலுக்கடியில உங்கப்பா சுருண்டு உக்காந்திருக்கறத. பஸ்ஸ நிறுத்தச் சொல்லி ஏத்திக்கிட்டாரு. எட்டு மணிக்கு உங்க அண்ணன் வந்திருக்காரு. இருட்டு. பூட்டு. யானை மட்டும் இருந்திருக்கு. எழுந்திருக்காதீங்க, அந்தப் படகுக்காரர் எங்க இருக்காருன்னு மேனேஜர் வந்து சொல்லுவாரு.

மறுநாள் காலைல உங்க அண்ணன் வந்தாரா? வந்தாரு. நேரா டிக்கெட் கவுன்டர்ல வரிசையில நின்னாரு. நேரத்தக் கொறைச்சதுக்கு வருஷ பாஸ்ல பாதிப் பணம் திருப்பித் தரணும்னு அங்க ஒரு கூட்டம் சண்டை போட்டுட்டிருந்துது. இவரும் அதுல சேந்து போட்டாரு, நல்ல தொண்டை. பணம் கிடையாதுன்னு தெரிஞ்சப்புறம்தான் என்கிட்ட வந்தாரு. ஏம்மா, எங்கப்பாவப் பாத்தியான்னாரு. எந்த அப்பான்னேன். வெள்ளைச் சட்டைன்னாரு. அதுக்கு மேல அடையாளம் சொல்லத் தெரியல அவருக்கு.

அப்புறம்தான் உங்களுக்கு போன் போட்டிருக்காரு, இல்லத்துலேருந்து அப்பா காணாமப் போயிட்டாருன்னு. நீங்க இல்லத்தோட விலாசம் கேட்டு விடாம நச்சரிச்சதும் இந்தப் பார்க்கு பேரு வெளிய வந்திருக்கு. பாருங்க, கேள்வி கேக்கத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு.

அப்பாவ உங்க நாட்டுக்கே கூட்டிட்டுப் போயி வெச்சிக்கப் போறீங்களா? உங்க வீட்லயேவா? ஓ, பக்கத்துல ஒரு நல்ல இல்லமா. அருவி இருக்குமா அதுல? சும்மா கேட்டேன். கோவப்படாதீங்க. வெள்ளைக் கோட்டு போட்டவங்க இருப்பாங்க, அது நிச்சயம்.

ஆ, அந்த மீதி ஞாபகம் வந்துடுச்சு, முதல்ல சொன்னேனே, உக்கார வெச்சிட்டுப் போனா, திரும்பி வரும்போதுன்னு. இல்ல, வேணாம் விடுங்க. உங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது.

இந்த ஹாரன் கேட்டுதா? ஸ்டாஃப் பஸ்ஸு. படகுக்காரருக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். பஸ்ஸ்டாண்டுல எறங்கி அப்படியே ஊருக்குப் போறாரு. இந்தச் சத்தம்... ரிவர்ஸ் எடுக்கறான். இதோ திரும்பிட்டான். போயாச்சு.

இனி நான் போகலாம். நீங்களும் போலாம்மா. கேமராவா? அத அருவியோடயே நிறுத்திட்டாங்க, கரண்ட் செலவுன்னு. மேனேஜர் காலைலயே கணக்க முடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. கையெழுத்துப் போட்டு மெஷின ஒப்படைக்கக்கூட இங்க ஆள் கிடையாது. நான் சும்மாதான் தொடச்சிட்டிருந்தேன்.

நீங்க கேட்டுல டிக்கெட் வாங்கும்போதே உங்கப்பா படகுக் கொட்டகைலேருந்து பாத்துட்டாரு. பின்பக்கமா நடந்து வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல உக்காந்தாரு. முடி நரைச்சுப் போச்சு அவளுக்குன்னாரு. அவங்கம்மா மாதிரியே பைய நெஞ்சோட சேத்துப் பிடிச்சிட்டு நடக்கறான்னாரு. அப்புறம், பஸ் கெளம்பற வரைக்கும் அவளப் பேச்சுல வெச்சிக்கோம்மான்னு சொல்லிட்டு எழுந்தாரு. அதே பஸ்ல படகுக்காரரோட அவரு ஊருக்குப் போறாரு. உங்க ரெண்டு பேரு கூடவும் வர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு.