இருட்டை நீட்டிய கடிகாரம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் சடையனின் மச்சான் சகாதேவனுக்கு நடந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம். பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி, ஒன்றரை மணி. அடி அண்ணாமலை தாண்டிக் கிரிவலப் பாதை... மேகம் நிலாவை மூடியிருந்தது. வண்டி இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை.

சகாதேவன் தேரடிக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைக் கோத்து, முழ உயரத்தில் எண் காட்டும் கடிகாரம் ஒன்று செய்தான். அதை நடத்துவது விரல் நீளச் சில்லு, மைக்ரோகன்ட்ரோலர். ஊரே சிரித்தது. அவனுக்கு மாமா முறையாகும் ஆதிமூலம் மட்டும், கிரிவலப் பாதையில் தான் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் வைக்கச் சொன்னார். பௌர்ணமிக் கூட்டம் பார்த்துவிட்டால் இவன் பேர் நிற்கும். இல்லையென்றால் ஜென்மத்துக்கும் ரேடியோதான்.

சண்டை வந்தது எந்தப் பக்கம் வைப்பது என்பதில். கிரிவலம் போகிறவர்கள் இடது ஓரமாக நடப்பார்கள். வலது ஓரம், மலைப்பக்கம், சித்தர்கள் சுற்றும் வழி என்று விட்டுவிடுவார்கள். எதிரே பளிச்சென்று தெரியட்டும் என்று இவன் மலைப்பக்கத்துக் கம்பத்தைத்தான் பிடித்தான்.

"அந்தப் பக்கம் வேணாம் மாப்ள. அங்க நடக்கறவங்க வேற."

"நடக்கட்டும் மாமா. அவங்களும் மணி பாத்துட்டுப் போகட்டுமே."

காலையில் மேலே ஏற்றலாம் என்று, கம்பத்தடியில் சாய்த்து ஓட விட்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர் டிரம். அதன் குழாய் நூலாக ஒழுகியது.

வெளிச்சம் ஜாஸ்தி, கார் பேட்டரி விடியும்வரை தாங்காது. குறைக்கக் குமிழைத் திருகினான். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த விளக்கு தொடர்ந்து எரிவதே இல்லை. ஒரு மின்னல், கொஞ்சம் இருட்டு, மறுபடி மின்னல். வேகத்தில் கண் ஏமாந்து, எரிகிறது என்று நம்புகிறது. மங்க வைக்க மின்னலைத் தொட வேண்டாம். நடுவில் இருக்கும் இருட்டை நீட்டினால் போதும்.

நீட்டினான்.

ஒழுகிய தண்ணீர்... அந்தரத்தில் நின்றது. சிவப்பு மணிகளாக, துளித் துளியாக.

ஆதிமூலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சகாதேவன் சிரித்தான்.

"துளி நிக்கல மாமா. ஒண்ணு போனதும் அதே இடத்துக்கு இன்னொண்ணு வருது. அது வர்ற நேரத்துக்குச் சரியா லைட் மின்னுது, அவ்ளோதான். நீங்க பாக்கறது ஒரு துளி இல்ல. வரிசையா வர்ற துளிங்க."

அப்போது வந்தது அந்த வாசனை. ஈரச் சாம்பல்.

துளிகளுக்கு அப்பால், மலையோரத்தில்... ஒரு கால். முழங்காலுக்கு மேலே இருட்டு. குதிகால் தூக்கி, நடையின் பாதியில், அசையாமல்.

குமிழை ஏற்றினான். வெறும் மண், சருகுகள் மட்டும் ஒரே திசையில் சலசலத்தன. இறக்கினான். கால்.

"அணைச்சிட்டு வந்துடு மாப்ள," என்றார் ஆதிமூலம்.

சகாதேவன் பேட்டரியின் முன்னால் போய் நின்றுகொண்டான். "ஒரே ஒரு ஆள் நிக்குதுன்னு அணைக்கணுமா? மாட்டேன்." பிறகு அந்தக் காலைப் பார்த்தே சொன்னான். "மணி தப்புன்னா சொல்லு. இல்லன்னா உன் வழியப் பாத்துப் போ."

கால் போகவில்லை. வானம் வெளுக்கும்வரை இவனும் போகவில்லை.

பௌர்ணமியன்று கடிகாரம் அதே மலைப்பக்கம், முழு வெளிச்சத்தில் ஓடியது. கூட்டம் நின்று பார்த்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்துகூட ஒருத்தர் தன் கடைக்குக் கேட்டு வந்தார். அவன் ஜெயித்துவிட்டான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த விடியற்காலையில், ஆதிமூலத்தைப் பின்னால் உட்கார வைத்து டவுனுக்குச் சைக்கிள் மிதித்து வந்தான் பாருங்கள்... மனுஷர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மாப்ள... நின்னது ஒரு துளி இல்லன்னு சொன்னியே."

"ஆமா மாமா."

"அப்ப அந்தக் கால்... எத்தன பேரோடது?"

சகாதேவன் மிதித்துக்கொண்டே இருந்தான். நடுரோட்டில் வந்துகொண்டிருந்த சைக்கிள் மட்டும் இடது ஓரத்துக்கு, தாரை விட்டு மண்ணில் இறங்கும் அளவுக்கு, ஒதுங்கியது.