டயட்டீஷியன் போர்டு

தாம்பரத்தில் கிளம்பிய காலை ரயிலில், பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொன்னதுக்கு ஜெயிலாம், சுமதி,” என்றார் மூத்தவர்.

“யாருக்கு, மேரி அக்கா?”

“எனக்குத்தான். மாடம்பாக்கத்துல எங்க வீட்டு கேட்ல ‘டயட்டீஷியன்’னு போர்டு மாட்டியிருந்தேன்.”

“நீங்க தையல் டீச்சராச்சே!”

“அளவு எடுக்கிறவளுக்குத் தெரியாதா, யாருக்கு இடுப்பு எவ்ளோ ஏறியிருக்குன்னு? பக்கத்து வீட்டு லதா பத்து நாள் கஞ்சி மட்டும் குடிச்சிட்டு திருநீர்மலை ஏறியிருக்கா. பாதிப் படியிலேயே மயக்கம். அவ புருஷன் வக்கீல். ‘படிப்பும் இல்ல, பதிவும் இல்ல. அபராதம் போடுவாங்க, ஜெயில்கூட உண்டு’ன்னு வாசல்ல வந்து நின்னுட்டார்.”

“ஐயோ! அப்புறம்?”

“ஆஸ்பத்திரிக்கு ஓடி லதா கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டேன். நல்லவேளை, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னைக்கே போர்டைக் கழட்டிட்டேன்.”

பல்லாவரம் தாண்டியதும் சுமதி குரலைத் தாழ்த்தினார். “அக்கா, எனக்கு சுகர் பார்டர்ல இருக்கு. நைட் என்ன சாப்பிடலாம்?”

மேரி டீச்சர் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இனிமே யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அந்த வக்கீல்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். எங்க வீட்ல என்ன சமையல்னு கேளு. அது சட்டத்துல வராது.”

“உங்க வீட்ல நைட் என்ன சமையல், அக்கா?”

பக்கத்தில் நின்றிருந்த பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார்.