சுந்தரேசன் தொட்டியில் இறங்கியது குறித்து

பெயர் அங்கமுத்து, த/பெ இராமசாமி. வயது 41. தொழில், கப்பல் பட்டறையில் வெல்டர். முகவரி, சிங்கப்பூரில் பூன் லே அருகே தொழிலாளர் தங்குவிடுதி. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம். எனக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டுமே என்பதால், மொழிபெயர்ப்பாளர் இனியா முன்னிலையில் சொல்கிறேன்.

நான் 2010 முதல் 2018 வரை ஊரில் கோவிந்தராசு என்பவரின் சாய ஆலையில் வேலை பார்த்தேன். அவருக்கு நான்கு ஆலைகள். 2018இல் ஒரு தேசியக் கட்சியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். போன தேர்தலிலும் ஜெயித்தார். இப்போது மத்திய அமைச்சர் ஆகப்போகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவர் கட்சியில் சேர்ந்த மாதம், டெல்லித் தலைவர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலை கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உள்ளே வாயு இருக்கிறது, முகமூடி வேண்டும் என்று என்னோடு வேலை செய்த சுந்தரேசன் சொன்னார். கோவிந்தராசு அங்கேயே நின்றிருந்தார். "முகமூடி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா? இறங்கச் சொல்லு" என்றார். அதன்பின் சுந்தரேசன் இறங்கினார். கயிற்றை நான் பிடித்திருந்தேன். சற்று நேரத்தில் கயிறு கனத்தது. மேலே இழுத்தபோது அவருக்கு மூச்சு இல்லை. அதன்பின் அவர் குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று எழுதிய தாளில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். சுந்தரேசன் குடிக்க மாட்டார். ஒரு மாதத்தில் அவர்களே என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார்கள்.

சுந்தரேசனின் சாவு குறித்து அவர் மனைவி பாப்பம்மாள் இந்த ஆண்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, தேக்கா கடைத்தெருவில் மகளுக்கு அனுப்பக் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோவிந்தராசுவின் உதவியாளர் ரஞ்சன் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் ஓட்டல் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே கோவிந்தராசு இருந்தார். வணிகர் சங்கக் கூட்டத்துக்கு வந்ததாகச் சொன்னார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எட்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை.

"உக்காரு அங்கமுத்து, டீ குடி. நீ முன்ன சொன்னதையே கோர்ட்டுக்குத் திருப்பி எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து."

"யோசிச்சு நாளைக்குப் போடறனுங்க ஐயா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "யோசி. பொண்ணு ஆறாவதுதானே? ஸ்கூல் வேன்ல டிரைவர் பக்கத்து சீட்டுலதான் உக்காந்து போகுதாமா" என்றார்.

அது எனக்கே தெரியாது. டீயைக் கீழே வைத்தேன். கைகழுவப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்படி வழியாக இறங்கினேன். ரயில் நிலையம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். "பாப்பாவக் கூட்டிட்டு இப்பவே கிளம்பு. எங்க போறீங்கன்னு எங்கிட்டகூடச் சொல்லாத, போன அணைச்சிரு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "பாப்பா சாப்பிட்டுட்டு இருக்கா" என்றாள். "பாதியில எழுப்பு" என்றேன். அதன்பின் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவர்கள் இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். தெரியாது. அவள் போன் அணைந்திருக்கிறது. சொன்னபடி அவளே அணைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

2018இல் நான் கையெழுத்துப் போட்டது பொய். இன்று சொன்னது உண்மை. இதைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். மாற்ற ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) அங்கமுத்து