சின்ன மீன்

மனித குலத்தின் வரலாறு என்பது இடத்துக்கான போராட்டத்தின் வரலாறு. பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும், அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையை நாம் மெல்லத் தள்ளுவதும் எல்லாம் அதற்காகவே. யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விக்குச் சரியான விடை தெரிந்துவிட்டால் உலகில் பாதி அழுகை நின்றுவிடும். அந்த விடையை நான் கண்டடைந்தேன். அப்போது நான் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டியின் அடியில் தேங்கிய மீன் கழிவை ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உள்ளேயும் போய்விட்டது.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். அளவு எனக்குத் தொழில். மீன் எனக்கு மீதி நேரம். இரண்டும் சேர்ந்ததால், எந்தத் தொட்டிக்கு எந்த மீன் என்பதில் எங்கள் குடும்பத்தில் என் வார்த்தைதான் கடைசி வார்த்தை. குடும்பத்தில் வேறு எந்த விஷயத்திலும் என்னை யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாளித் தண்ணீர் அளவுதான் இடம் என்றால் ஃபைட்டர் மீன் ஒன்றே ஒன்று. அதற்குத் துணை தேட வேண்டாம். கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடு சண்டை போட்டே காலத்தை ஓட்டிவிடும். இரண்டடித் தொட்டிக்குக் கப்பி. ஆணாகப் பார்த்து வாங்க வேண்டும். பெண்ணையும் சேர்த்தால் கொஞ்ச நாளில் தண்ணீருக்கே இடம் இருக்காது. ஏஞ்சல் மீனுக்கு நீளத்தைவிடத் தொட்டியின் உயரம் முக்கியம். நியான் டெட்ரா கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும், தனியாக விட்டால் பயத்தில் நிறம் வெளுக்கும். தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பவர்களோடு நான் பேசுவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. கடையில் இருக்கும் அளவைப் பார்த்து மீன் வாங்காதே. வளர்ந்தபின் வரப்போகும் அளவைப் பார்த்து வாங்கு. இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, மேல் மாடியில் குடியிருக்கிறார். நாங்கள் கீழே. வீடு மாமனாருடையது. அவர் மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடமும் இரவுச் சாப்பாட்டுக்கு அவர்களிடமும் வந்து நீதி வழுவாமல் வாழ்கிறார். அவருக்கு நான் பெரிய மாப்பிள்ளை, சகலை சின்ன மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை ஆறடிக்கு மேல். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். பெரிய மாப்பிள்ளையாகிய எனக்குத் துணிக்கடையில் பள்ளிப் பிள்ளைகள் பகுதியில்தான் சட்டை பொருந்தும். இந்தக் கதையில் நடந்த உயிர்ச்சேதம் முழுவதும் ‘சின்ன’ என்ற இந்த ஒரு சொல்லால் வந்ததுதான்.

சகலை ஆளுமைப் பயிற்சி வகுப்பு நடத்துபவர். ‘பெரிசா யோசிங்க’ என்பது அவருடைய கொள்கை. அதை அச்சடித்த சட்டைகூட வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சும்மா வந்து பாருங்கண்ணே, மனசு லேசாயிடும்” என்று என்னையும் கூட்டிப்போனார். வாடகை மண்டபம், குளிர்சாதனம், காதில் மாட்டிய ஒலிவாங்கி.

“எங்க வீட்டுக் கீழ்மாடியில ஒருத்தர் இருக்காரு. என் சகலைதான். பேரு சொல்லமாட்டேன். மூணாவது வரிசை, நீலச் சட்டை.”

எல்லோரும் திரும்பினார்கள். நான் புன்னகை செய்தேன்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதே ரெண்டடித் தொட்டி. அதே குட்டி மீன். ஏன் தெரியுமா? மீன் தொட்டியோட அளவுக்குத்தான் வளரும்! நம்ம மனசும் அப்படித்தான்!”

இது உண்மையல்ல. பெரிய இன மீனைச் சின்னத் தொட்டியில் போட்டால் அது அடக்கமாக, அளவாக வளர்ந்து நிற்காது. முதுகு வளைந்து, நோய்ப்பட்டு, செத்துப்போகும். என் கப்பிகள் சின்னதாக இருப்பது அவை கப்பிகள் என்பதால். இதைச் சொல்லக் கையைத் தூக்கினேன்.

“பாத்தீங்களா? மாற்றத்துக்கு முதல் எதிர்ப்பு நம்ம வீட்டுக்குள்ள இருந்துதான் வரும்” என்றார் சகலை. மண்டபம் கைதட்டியது.

அன்றிலிருந்து என் பெயர் ‘சின்னத்தொட்டி’. முதலில் கொழுந்தியாள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள், பிறகு சிரிக்காமலே கூப்பிட்டாள். மாமனார்கூட, “சின்னத்தொட்டி, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க” என்றார். மீன் விஷயம் என்றால் பெரிய மாப்பிள்ளையைக் கேளு என்று அதே வாயால் சொன்னவர். எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் மாடி ஏறிப் போய்விட்டது.

ஏனென்றால் அடுத்த மாதமே சகலை நான்கடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார். உள்ளே நியான் டெட்ரா கூட்டம். தொட்டிக்கு மேல் ‘குழு உணர்வு’ என்று எழுதி ஒட்டி, சிறப்பு வகுப்புகளை வீட்டுக்கே மாற்றிக்கொண்டார். நீலமும் சிவப்புமாக அவை ஒன்றாகத் திரும்பும்; அவர் குச்சியால் காட்டுவார்; வந்தவர்கள் குறிப்பெடுப்பார்கள். உள்ளதைச் சொன்னால், தேர்வு சரிதான். அந்தத் தொட்டிக்கு அந்த மீன் பொருத்தம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவளுக்கு அறிவியல் ஆர்வம் குறைவு.

ஒரு நாள் சகலையே இறங்கி வந்தார்.

“அண்ணே, ஒரு உதவி. டீம் இருக்கு, லீடர் இல்ல. கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு தனியா தெரியணும். பாத்தாலே ஒரு பர்சனாலிட்டி.”

“எவ்வளவு பெருசு?”

“சின்ன மீனாவே பாத்து வாங்கிக் குடுங்கண்ணே. மத்ததுங்க பயந்துடக் கூடாதுல்ல.”

“சின்ன மீன்தானே?” என்று நான் மறுபடி கேட்டேன். இந்த இடத்தைக் கவனத்தில் வைக்கவும்.

“ஆமாண்ணே. சின்ன மீன்.”

வாங்கிக்கொடுத்தேன். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. கறுப்பு உடலில் ஆரஞ்சுக் கோலம், பெரிய கண், நாய்க்குட்டி மாதிரி ஆளைப் பார்த்து வாலாட்டும் பழக்கம். அந்த இனத்துக்குப் பெயர் ஆஸ்கர். “பேரே விருது மாதிரி இருக்கேண்ணே!” என்று சகலை என்னைக் கட்டிப்பிடித்தார். என் முகம் அவருடைய சட்டைப் பொத்தானில் பதிந்தது. கொழுந்தியாள் அன்று எனக்குக் காப்பி கொடுத்தாள். மாமனார், “ஆயிரம் சொல்லு, மீன்னா பெரிய மாப்பிள்ளைதான்” என்றார். அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது.

தலைவர் நன்றாக வளர்ந்தார். முதலில் குழுவோடு நீந்தினார். பிறகு குழு அவருக்கு வழிவிட்டது. அதன்பிறகு குழு ஒரு மூலையிலும் அவர் மீதி இடத்திலும் இருந்தார்கள். “பாருங்க, எவ்வளவு மரியாதை!” என்று சகலை வகுப்பில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பின்னர் குழுவில் ஆள் குறையத் தொடங்கியது. சகலை கலங்கவில்லை. “வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவங்க தானா விலகிடுவாங்க” என்றார். எங்கே விலகினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தலைவரின் வயிறு மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அது எல்லாத் தலைவர்களுக்கும் உள்ளதுதான்.

முடிவு ஒரு வகுப்பின் நடுவே வந்தது. கூடம் நிறைய ஆள். மாமனார் சாய்வு நாற்காலியில். நானும் போயிருந்தேன், சுவர் ஓரமாக. தொட்டியில் அப்போது மிச்சம் ஒரே ஒரு நியான் டெட்ரா. சகலை அதைக் குச்சியால் காட்டி, “இவர்தான் விசுவாசம். எல்லாரும் போனப்புறமும் லீடர் பக்கத்துலயே நிக்கிறாரு” என்றார். தலைவர் திரும்பினார். வாயைத் திறந்து மூடினார். அவ்வளவுதான், சத்தம்கூட இல்லை. வாயோரத்தில் ஒரு சிவந்த வால் கொஞ்ச நேரம் ஆடியது.

முன்வரிசையில் ஒரு அம்மாள், “அப்ப எங்க ஆபீஸ்ல நடக்கறதும் இதுதானா?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

விசாரணையை மாமனார் நடத்தினார். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றவாளி என்றால் இன்னும் கண் பளபளக்கும்.

“டிக்கெட் இல்லாத ஆளை ஏத்திவிட்டது யாரு?”

“நான்தான் மாமா. இவர் சின்ன மீன் கேட்டார். சின்ன மீன் குடுத்தேன்.”

“சின்ன மீனாண்ணே இது? எல்லாத்தையும் முழுங்கிட்டு என்னைப் பாத்து வாலாட்டுது!” சகலையின் குரல் உடைந்தது.

“வயசுல சின்னதுதான். மாமா, நீங்க இவரை ‘சின்ன மாப்பிள்ளை’ங்கறீங்க. எடை போட்டுப் பாத்தா கூப்பிடறீங்க?”

மாமனார் சகலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சிரிப்பை அடக்க இருமினார். என் மனைவி அடக்கவில்லை. கொழுந்தியாள் மட்டும் என்னைப் பார்த்து, “மாமா, பாவம், எல்லாம் வாயில்லாப் பூச்சிங்க” என்றாள். எனக்கு அது கொஞ்சம் தைத்தது.

“சரி” என்றார் மாமனார். “வார்த்தைப்படி தப்பில்ல. ஆனா ஏத்தினவங்கதான் இறக்கணும். மீன் கீழ்வீட்டுக்குப் போகட்டும்.”

விசாரணையில் கேட்கப்படாத சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் அந்த மீனைச் சும்மா தரவில்லை. பெண் கொடுப்பவர் போல விசாரித்தார்.

“சார், இது குட்டி. ஒரு வருஷத்துல ஒரு அடிக்கு வந்துடும். எத்தன அடி தொட்டி?”

“நாலு.”

“தனியா இருக்குமா, கூட்டுக் குடும்பமா?”

“கூட்டுக் குடும்பம்.”

“கூட இருக்கறவங்க பெரிய ஆளுங்களா?”

“எல்லாம் சின்னப் பசங்க.”

அவர் வலையைத் தொட்டிக்குள்ளேயே நிறுத்தினார். “அப்ப வேண்டாம் சார். இது வாய்க்குள்ள அடங்கற எல்லாத்தையும் சாப்பிட்டுடும்.”

“தெரியும்” என்றேன். அந்தக் கடையில் நான் சொன்ன கடைசி வார்த்தை அது.

சகலை வெளியூர் வகுப்புகளுக்குப் போயிருந்த நாட்களில் மாடிக்குப் போய் மண்புழு போட்டவனும் நான்தான். வாய் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். நியான் டெட்ராக்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவை அழகான மீன்கள், தொட்டிக்குப் பொருத்தமானவையும்கூட. இதைப் பொறாமை என்று என் மனைவி சொல்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்ற பொய்யை ஒருவர் ஒலிபெருக்கியில் பரப்பும்போது, விஷயம் தெரிந்தவன் நிரூபித்துக் காட்ட வேண்டாமா? நான் செய்தது பரிசோதனை. முடிவும் என் பக்கம்தான் வந்தது.

சகலையின் தொழிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ‘உங்கள் அலுவலகத்து ஆஸ்கரைச் சமாளிப்பது எப்படி’ என்று புது வகுப்பு எடுக்கிறார். மண்டபம் நிரம்பி வழிகிறதாம். என்னை யாரும் இப்போது சின்னத்தொட்டி என்று கூப்பிடுவதில்லை.

காரணம், ஒரு அடி ஆஸ்கரை இரண்டடித் தொட்டியில் வைக்கக் கூடாது. திரும்பக்கூட முடியாது, நானே எத்தனையோ பேருக்குச் சொன்ன விதி. வீட்டில் அளந்து பார்த்ததில் அதற்குப் பொருந்தும் தொட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் குளியலறைத் தொட்டி. அங்கே காற்றுக் குழாயும் வடிகட்டியும் பொருத்தி விட்டிருக்கிறேன். மீன் நலமாக இருக்கிறது. ஆளைப் பார்த்தால் வாலாட்டுகிறது. என் மனைவி தங்கை வீட்டில் குளித்துவிட்டு வருகிறாள். நானும் காலையில் மாடிக்குப் போகிறேன். அவர்கள் எல்லோரும் குளித்து முடித்த பிறகுதான் என் முறை வரும். துண்டு என்னுடையது. சோப்பு சகலையுடையது.