ஜிகினா சுத்துன வாளி

மூக்கப் பொத்தாதீங்கக்கா, எனக்கே பேஜாரா இருக்குது. வாளியில இருக்கறது உரம்க்கா, உரம். விழுப்புரத்துல ஏறும்போதே கண்டக்டரு செத்த எலியான்னு கேட்டாரு. குப்பை எப்பிடி மக்குதுன்னு பிள்ளைங்களே கையால செஞ்சி பாக்கட்டும்னா, இந்த ஊர்ல எவன் காதுல ஏறுது?

எங்க ஸ்கூல்ல ராஜாமணி சார்னு இன்னொரு சயின்ஸ் வாத்தியாரு. குப்பையத் தொடவே மாட்டாரு. போர்டுல மூணு அம்புக்குறி போடுவாரு, மறுசுழற்சி பாடம் முடிஞ்சிது. இன்னிக்கு திண்டிவனம் கண்காட்சிக்கு என்னா கொண்டாறாரு தெரியுமா? தெர்மாகோல்ல பூமி உருண்டை. மக்காத சாமான்ல செஞ்சிட்டு, மேல குப்பையைக் குறைப்போம்னு எழுதிக்கினு... கேட்டா, பார்வையா இருக்கணும் மிஸ்ஸுன்றாரு.

நம்மளுது அப்பிடியில்லக்கா. கெடார்லேர்ந்து வர்ற பொண்ணு, கவிதான்னு, ஒன்பதாவது. இந்த பெயிண்ட் வாளி அவளுது. ஆணிய நெருப்புல காய்ச்சி வாளியச் சுத்தி ஓட்டை போட்டா. வறுத்த மல்லாட்டைத் தோலு, வாழப்பழத் தோலு, காஞ்ச இலைன்னு மாத்தி மாத்திப் போட்டு, ஆறு வாரம் தெனம் கிளறுனா. போன வெள்ளிக்கிழம வரைக்கும் மழை பேஞ்ச மண்ணு வாசனைதான். ஜெயிச்சா சென்னைக்குப் போலாம். அவ திண்டிவனத்தத் தாண்டுனதே இல்லியாம்.

அப்புறம் எப்பிடி நாறுச்சின்னா... அது வந்துக்கா... அந்த உருண்டை பளபளன்னு இருந்திச்சா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. நம்ம வாளி அழுக்கா நிக்குதேன்னு தங்கக்கலர் ஜிகினா பேப்பர் வாங்கியாந்து சுத்தி ஒட்டுனேன். கவிதா சொன்னா, "ஓட்டை மூடிக்குது மிஸ்." நீ எனக்கு சயின்ஸ் சொல்லித்தர்றியான்னு கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சிது.

காத்து போவலன்னா மக்காது, அழுகும். நடத்துனதே நாந்தான். பரிட்சையில ரெண்டு மார்க் கேள்வியா கேட்டேன், அவ கரெக்டா எழுதுனா, டிக் போட்டது இந்தக் கைதான்.

எங்கக்கா எழுந்துக்கிறீங்க? கூட்டேரிப்பட்டு இன்னும் வரலியே... ஓ, முன் சீட்டுக்குப் போறீங்களா. சரி, போங்க. ஒரே ஒரு ஒதவி. டிரைவர் பின்னாடி ரெட்டை ஜடை போட்டுக்கினு ஒரு பொண்ணு, ஏறுனதுலேர்ந்து திரும்பிப் பாக்காம உக்காந்திருக்கும். மடியில ஒரு பை இருக்கும், பை நெறைய காஞ்ச இலை. யாரும் கொண்டாரச் சொல்லல, அவளா கொண்டாந்தது. அவகிட்ட, மிஸ் ஜிகினாவக் கிழிச்சிக்கினு இருக்காங்கன்னு சொல்லுங்க. அது போதும்க்கா.