ஒரு வாய்ப் பாலேடு

தேநீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி அவர்களே. பிஷ்கெக்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூடாக ஏதாவது கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் பெயர் புருல்சா. ஆடுமாடுகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் புரூசெல்லா காய்ச்சலுக்குப் பரிசோதனைப் பட்டை உருவாக்கியவள். ஒரு சொட்டு இரத்தம் போதும். அதில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் சிவப்புக் கோடு விழும். இதைப் புரிந்துகொள்ள மூளைகூட வேண்டாம், கண் இருந்தால் போதும். ஒப்புதல் குழுவுக்கு அதுவும் இல்லை.

"படுத்த படுக்கையா கெடக்கிறவனுக்குத்தான் இது கோடு காட்டுது. காய்ச்சல்னு அவனுக்கே தெரியுமே. அப்புறம் உங்க பட்டை எதுக்கு அக்கா, புக்மார்க் வச்சுக்கவா?" என்றார் துணை இயக்குநர் தொக்தோர்பெக். குழு சிரித்தது. தொற்றிய புதிதில் எடுத்த இரத்தம் வேண்டுமாம். கர்ப்பிணியுடையது என்றால் இன்னும் விசேஷமாம்.

எங்கே போவது? மேய்ப்பன் மூட்டுவலி என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவான். எப்போது தொற்றியது என்று அவனுக்குத் தெரியாது. தொற்ற வைத்தவருக்குத்தான் தெரியும். இந்தச் சின்ன விஷயம் அந்தக் குழுவில் ஒரு மண்டையிலும் ஏறவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நோயில்லாத இரத்தத்துக்கு எங்கள் ஆய்வகம் வெளியே அலைவதில்லை. வாராவாரம் எங்கள் ஆட்களே கை நீட்டுவார்கள். அதில் ஒரு கை சைக்காலுடையது. என் உதவியாளர். முதல் பிள்ளை வயிற்றில்.

மலைப்பக்கம் ஒரு பண்ணையில் மாடுகள் வரிசையாகச் சினை கலைந்து கன்று வீசிக்கொண்டிருந்தன. புரூசெல்லா புகுந்த பண்ணைக்கு அதுதான் அடையாளம். அங்கே போய்க் காய்ச்சாத பாலேடு வாங்கி வந்து, ரொட்டியோடு அவள் முன்னால் வைத்தேன்.

"பச்சைப் பாலா அக்கா? டாக்டரம்மா திட்டுவாங்க."

"காய்ச்சுனதுதான்டி. வச்ச ரொட்டியில வாய் வைக்காம எந்திரிப்பியா? எந்த ஊர்ல வளர்ந்த நீ?"

"ஐயோ, சரி, ஒரு வாய். இது பொறந்து உங்கள மாதிரி அதட்டுனா நீங்கதான் பொறுப்பு."

வைத்த ரொட்டியில் ஒரு வாயாவது தின்னாமல் எழக்கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. அவள் படித்த நுண்ணுயிரியல் முழுவதும் அதனிடம் தோற்றது. சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டும் எடுத்தாள்.

சீக்கிரமே அவள் இரத்தத்தில் கோடு விழுந்தது. முடி போல மெல்லிய கோடு. காய்ச்சல்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. அப்போதே மருந்து கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்து உள்ளே போனால் அடுத்தடுத்து எடுக்கும் இரத்தம் எதற்கும் உதவாது. அரைகுறை வேலையை வைத்துக்கொண்டு தொக்தோர்பெக் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

"தூக்கத்துல வேர்த்துக் கொட்டுதுக்கா. ஒருவேளை நம்ம காய்ச்சலா இருக்குமோ?" என்றாள் ஒருநாள்.

"புள்ளத்தாச்சிக்கு வேர்க்காம என்ன செய்யும்? கையை நீட்டு."

பிள்ளை தங்கவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றும் இரத்தம் எடுத்துக்கொண்டேன். பட்டைக்கு ஒப்புதல் கிடைத்தது. இவ்வளவு அருமையான இரத்தம் எங்கே பிடித்தீர்கள் என்று தொக்தோர்பெக் கேட்டார். அந்த மனிதர் வாழ்நாளில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

ஆமாம், தெரிந்தேதான் ஊட்டினேன். கோட்டைப் பார்த்தும் மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். சைக்கால் எனக்குத் தங்கை மாதிரி. என்ன ஏதென்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே சொல்லியிருப்பேன்.