கேட்சர் ஓடிய தொண்ணூறு அடி

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும் பனியில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்குத் தந்திருக்கும் வீரர்களே! காலையிலிருந்து மரச் சுத்தியலைத் தட்டித் தட்டி, அடிதடி இல்லாமல் அவையை நடத்திவரும் தலைவி வெர்னா ஸ்டௌட் அம்மையார் அவர்களே! கிளேட்டன் புரூபேக்கர் தலைமையில் அமர்ந்திருக்கும் தேர்வுக் குழுவினரே! வாரமெல்லாம் கண்ணாடி ஆலையின் உலைக்கு முன்னால் வெந்து, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து என்னை வாழ்த்தியும் வைதும் ஆளாக்கிய பெரியோர்களே! பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கும் பாத்திரங்களுக்குப் பின்னால் நின்று, கையை அங்கேயும் காதை இங்கேயும் வைத்திருக்கும் தாய்மார்களே! மார்லோ ஊரிலிருந்து வந்து கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பழைய எதிரிகளே! உங்களுக்கும் என் வணக்கம். ஜெயித்தவன் வணங்குவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பேஸ்பால் வரலாற்றிலேயே தலைசிறந்த தடுப்பாட்டம் எது? இதுதான் இன்றைய விவாதம். ஒருவர் எழுந்தார், நியூயார்க்கில் முதுகைக் காட்டிக்கொண்டே ஓடி, தோளுக்கு மேலே விழுந்த பந்தைப் பிடித்தாரே, அதுதான் என்றார். இன்னொருவர் எழுந்தார், வேலியில் ஏறி, வெளியே போன பந்தை உள்ளே கொண்டுவந்தாரே, அதுதான் என்றார். இருவரும் மேசையைக் குத்தியதில் எனக்கு வைத்திருந்த காபி கவிழ்ந்தது. இருக்கட்டும். அவை பெரிய ஊர்களின் பெரிய ஆட்டங்கள். அவற்றின் பெருமையை நான் குறைக்கவில்லை.

ஆனால் பிறகு குழு எழுந்தது. நம் மைதானத்தின் வாசலில் ஒரு வெண்கலப் பலகை பதிக்கப் போகிறார்களாம். இந்த மண்ணில் ஆடிய தலைசிறந்த தடுப்பாட்டத்துக்காம். 1957, மார்லோவுக்கு எதிரான இறுதி ஆட்டம், ஷார்ட்ஸ்டாப் ஓரின் ஹடாக்கின் பாய்ச்சல்! அறிவித்தார்கள். கூரை அதிரக் கை தட்டினீர்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்ற அந்த ஓரின் ஹடாக் நான்தான். நன்றி சொல்லத்தான் மேடைக்கு அழைத்தீர்கள். ஐயா, நான் சண்டை போட வந்திருக்கிறேன்!

அதோ சுவரில் அந்தப் படம். பாய்கிறான், பறக்கிறான், பந்தைப் பற்றுகிறான்! உடம்பு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. கையுறையின் நுனியில் பந்து தொற்றிக்கொண்டு நிற்கிறது. அழகான படம்தான், எனக்கே என்மேல் பொறாமை வருகிறது. ஆனால் கேட்கிறேன், அடுத்த நொடியில் என்ன நடந்தது? யாருக்காவது நினைவிருக்கிறதா? என்ன? "அவுட்" என்கிறாரா அங்கே ஒருவர்? எந்தத் தளத்தில் ஐயா அவுட்? யார் கையில் அவுட்? பாருங்கள், தலையைச் சொறிகிறார்!

நான் சொல்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நாம் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. அவர்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் அவுட்டானால் ஆட்டம் நமது, தளங்களில் யாரும் இல்லை. மார்லோவின் மட்டைக்காரன் தரையோடு அடித்தான். நான் பாய்ந்தேன், பிடித்தேன், மண்டியிட்டபடியே முதல் தளத்துக்கு எறிந்தேன். அவனுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவன் அவுட். எப்படி எறிந்தேன்? கோணலாக எறிந்தேன்! முதல் தளக்காரன் எம்பியும் எட்டாமல், பந்து அவன் தலைக்கு மேலே பறந்து வேலிப் பக்கம் போனது. மட்டைக்காரன் தளத்தைத் தொட்டான், பந்து போவதைப் பார்த்தான், இரண்டாம் தளத்தை நோக்கி ஓடினான். அந்தப் பந்து மூலையில் உருண்டிருந்தால் அவன் ஒரே மூச்சில் சுற்றி வந்து ஆட்டத்தைச் சமன் செய்திருப்பான்.

ஆனால் பந்து மூலைக்குப் போகவில்லை. அங்கே ஒருவன் நின்றான். யார் அவன்? மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்க வேண்டிய கேட்சர், லாடிஸ் வோய்டெக்! நெஞ்சில் மெத்தை, காலில் கவசம், ஆகஸ்ட் வெயில். முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பந்து மட்டையில் பட்ட நொடியிலேயே கிளம்பி, தொண்ணூறு அடி ஓடி வந்திருந்தான். வேலியில் பட்டுத் திரும்பிய பந்தை வெறுங்கையால் எடுத்தான். இரண்டாம் தளத்துக்கு எறிந்தான். அங்கே அவுட்! அங்கே வெற்றி! நான் அப்போது எறிந்த வேகத்தில் விழுந்து, வாயில் மண்ணோடு குப்புறக் கிடந்தேன்.

சான்று வேண்டுமா? இதோ அன்றைய ஸ்கோர் புத்தகம். நம் ஆட்டத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. கேட்சர் இரண்டு, இரண்டாம் தளக்காரன் நான்கு, ஷார்ட்ஸ்டாப் ஆறு. கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கிறது: இரண்டு, நான்கு. ஆறு எங்கே? தேடுங்கள்! கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்! நான் இல்லாத அவுட்டுக்கு எனக்கு வெண்கலமா?

போன வாரம் இந்தப் புத்தகத்தைக் குழுவிடம் கொண்டுபோனேன். கிளேட்டன், உன் பேச்சை உன் எதிரிலேயே சொல்கிறேன், மறுக்க முடிந்தால் மறு.

"ஓரின், புத்தகத்த வெண்கலத்துல வார்க்க முடியுமாய்யா? படம் இருக்கு, எடுப்பா இருக்கு. விடுவியா!"

"அவுட் பண்ணது லாடிஸுடா."

"அட, கேட்சர் முதல் தளத்துக்குப் பின்னால ஓடுறது வழக்கமான வேலைதானே? இதுக்கெல்லாமா பலகை வைப்பாங்க?"

வழக்கமான வேலை! கேட்டீர்களா தாய்மார்களே? வழக்கமாம்! ஒன்பது பருவம் ஆடினான் லாடிஸ். தளங்கள் காலியாக இருக்கும்போது தரையோடு போன ஒவ்வொரு பந்துக்கும் ஓடினான். நாங்கள் ஒழுங்காக எறிந்தோம், அவன் வெறுங்கையோடு திரும்பி நடந்தான். மறுபடி குந்தினான், மறுபடி ஓடினான், மறுபடி திரும்பினான். ஆயிரம் முறை வீணாக ஓடியவன் ஆயிரத்தோராவது முறையும் ஓடினானே, அது வழக்கமா? அதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும்! அந்த ஓட்டத்துக்கு யாராவது ஒரு முறை கை தட்டியிருக்கிறீர்களா? நான் கேலிதான் செய்தேன்.

"ஏண்டா லாடிஸ், முதல் தளத்துல உனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்காங்களா? இப்படிப் பறக்குற!"

"நீ எறியிற லட்சணத்தப் பாத்தா எனக்குக் கால் நிக்க மாட்டேங்குதுடா."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பத்திரிகையில் என் படம் வந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்குத் தனி மரியாதை. முடிவெட்டும் கடையில் எனக்கு முதல் நாற்காலி. என் மகளின் கல்யாணத்தில் கூட மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மை எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உங்கள்மேல் எனக்கிருக்கும் கோபம் பெரிது. என்மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரிது. வெட்கப்படுகிறேன், இந்த மேடையில் எல்லோர் முன்னாலும் வெட்கப்படுகிறேன்.

புத்தகம் கையில் கிடைத்த அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். "ஏண்டா ஒரு தடவகூடச் சொல்லல?" என்று கேட்டேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மூவாயிரம் பேர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க? நான் வேற சொல்லணுமா?"

அவையோரே! அந்த மூவாயிரத்தில் நீங்களும் இருந்தீர்கள். எங்கே போயிற்று உங்கள் கண்? புழுதி பறந்த பக்கமே பார்த்தீர்கள். சட்டையில் மண் ஒட்டியவனே வீரன் என்று முடிவு கட்டினீர்கள். என் தப்பைத் திருத்தியவனை மறந்தீர்கள், தப்புச் செய்த என்னைத் தோளில் தூக்கினீர்கள்! இது நியாயமா? இது அடுக்குமா?

அதோ, காபி அண்டாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான் லாடிஸ். என்னவோ கத்துகிறான். அமைதி, அமைதி.

"போதும் எறங்குடா! சாப்பாடு ஆறுது!"

ஆறட்டும்! அடுப்பு இருக்கிறது, தாய்மார்கள் சுடவைப்பார்கள். தலைவி அவர்களே, சுத்தியலைக் கீழே வையுங்கள், இதோ முடிக்கிறேன். அந்தப் பலகையிலிருந்து என் பெயரை நானே விலக்கிக்கொள்கிறேன். பலகை லாடிஸ் வோய்டெக்குக்கு என்று முன்மொழிகிறேன். அது வாசலில் வேண்டாம். முதல் தளத்துக்குப் பின்னால், அந்த வேலியில், அவன் நின்ற இடத்தில் பதியுங்கள்.

மறுபடியும் கத்துகிறானே!

"நீ கோணலா எறிஞ்சத எழுதுவாங்களாடா?"

எழுத வேண்டும்! அதைத்தான் கேட்கிறேன்! அவன் பெயருக்குக் கீழே, படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், "தவறாக எறிந்தவன்: ஓரின் ஹடாக்" என்று வார்த்து வையுங்கள். அந்த ஆட்டத்தில் எனக்கு உரிய பங்கு அதுதான். அதை வேறு எவனுக்கும் விட்டுத்தர மாட்டேன்.

சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். கிளேட்டன், உன் கையும் மேலே வரட்டும்! மார்லோக்காரர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் தூக்கியிருக்கிறீர்கள், நல்ல மனசு.

பசியைப் பொறுத்துக்கொண்டு என் கோபத்தைக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. லாடிஸ், உனக்கு முப்பத்திரண்டு ஆண்டு தாமதமாக என் வணக்கம்.